ஸ்பீச் தெரபி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? முதலில் லாக் புக்கை எடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். கையில் கனமான ஃபைல். பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறனும் பேச்சு-மொழிப் பயிற்சியும் சேர்ந்த இளங்கலைப் படிப்பின் இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "அக்கா, 72 பர்சென்ட் இருக்கு. எம்.எஸ்ஸி. கிடைக்குமா?"

ஃபைலைப் புரட்டினேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் கல்லூரி ஆண்டு விழாவில் வாங்கிய கோலப்போட்டிச் சான்றிதழ் வரை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. "லாக் புக் எங்கம்மா?" என்று கேட்டேன். நோயாளிகளுக்குக் கொடுத்த பயிற்சியை நேரக் கணக்கோடு எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கும் புத்தகம் அது. "அது ஹாஸ்டல்ல இருக்கு அக்கா. இன்னும் மேடம்கிட்ட சைன் வாங்கல" என்றாள்.

கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஆனால் அவர்களை ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளுவது மதிப்பெண் அல்ல. கையெழுத்தாகாத பக்கம், பெயரில் ஒரு எழுத்து மாறிய சான்றிதழ், கடைசி வாரத்தில் கேட்ட சிபாரிசுக் கடிதம், இப்படிக் காகித விஷயங்கள்தான். நானும் அப்படி ஒரு வருடத்தை இழந்தவள். அதனால் படிப்பின் பெருமையைப் பேசாமல் காகிதத்தைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

யார் எந்த வழியில் போகலாம்

இந்தியாவில் ஸ்பீச் லாங்குவேஜ் பெத்தாலஜி (நாம் ஸ்பீச் தெரபி என்று சொல்வது) எம்.எஸ்ஸி. சேர பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்திருக்க வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் பி.எஸ்ஸி. ஸ்பீச் அண்ட் ஹியரிங் முடித்தவர்களும் அதே கணக்கு. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நான்கு வருடப் படிப்பு அது. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு. சைக்காலஜி, ஆங்கில இலக்கியம், மொழியியல், சிறப்புக் கல்வி என்று வேறு எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் நேரடியாக இந்த எம்.எஸ்ஸி.யில் சேர முடியாது. வாரம் ஒருவராவது இதைக் கேட்டுவிட்டு முகம் வாடிப் போகிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வேறு பட்டம் பெற்றவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் கடல் தாண்டி இருக்கிறது. அமெரிக்காவில் வேறு துறைப் பட்டதாரிகளையும் முதுகலைப் படிப்பில் எடுக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. அடிப்படைப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு வரச் சொல்வார்கள், அல்லது இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடமாக நீட்டுவார்கள். பிரிட்டனிலும் வேறு துறைப் பட்டதாரிகளுக்கான இரண்டு வருட எம்.எஸ்ஸி. இருக்கிறது. ஊரிலேயே இருக்க வேண்டும், மொழி மீதுதான் ஆசை என்றால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மொழியியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைகள் மொழி கற்பது, பக்கவாதத்தில் மொழி குலைவது போன்ற ஆய்வுகளுக்கு அங்கிருந்து போகலாம். ஆனால் மொழியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு ஸ்பீச் தெரபிஸ்ட் என்று பலகை மாட்ட முடியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது நாம் ஆர்.சி.ஐ. என்று சொல்வது, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம்.

பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவர்கள் அடுத்து யோசிக்க வேண்டியது, ஸ்பீச்சா, செவித்திறன் துறையான ஆடியாலஜியா என்பது. சில இடங்களில் இரண்டும் தனித்தனி எம்.எஸ்ஸி.; சில இடங்களில் இரண்டையும் சேர்த்து எம்.ஏ.எஸ்.எல்.பி. என்று ஒரே பட்டம். என் கருத்து இது: பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ சொந்தமாக கிளினிக் போட நினைத்தால் சேர்ந்த பட்டம் கைகொடுக்கும், ஏனென்றால் அங்கே காலையில் செவித்திறன் சோதனைக்கு வரும் தாத்தாவும் மாலையில் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பேரனும் ஒரே ஆளிடம்தான் வருவார்கள். பெரிய மருத்துவமனை, கற்பித்தல், ஆராய்ச்சி என்றால் தனிப் பட்டம்.

நம் பக்கத்திலிருந்து பலர் போவது சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா. அப்புறம் 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்திய பேச்சு செவி நிறுவனம். ஐஷ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மும்பை பாந்த்ராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், திருவனந்தபுரத்தில் நிஷ் எனும் தேசிய பேச்சு செவி நிறுவனம், மங்களூரு, மணிப்பால் என்று பட்டியல் நீளும். மைசூருக்கு இப்போது கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்தே நேரடி ரயில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் ஏறினால் மறுநாள் காலை மைசூர். நான் படித்த காலத்தில் இரண்டு பஸ், ஒரு ரயில்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனி, அதற்குக் காலவரம்பும் உண்டு. ஒரு கல்லூரிக்கு பி.ஏ.எஸ்.எல்.பி. அங்கீகாரம் இருந்து எம்.எஸ்ஸி.க்கு இல்லாமல் போகலாம். நீங்கள் சேரப்போகும் கல்வியாண்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

லாக் புக்

இதற்குத் தனித் தலைப்பு தேவைதான். இந்தியாவோ அமெரிக்காவோ பிரிட்டனோ, எங்கே போனாலும் "நோயாளிகளோடு எத்தனை மணி நேரம், எந்த வகை கேஸ், யார் மேற்பார்வை" என்ற கேள்வி வந்தே தீரும். அன்று வருகிற கேள்விக்கு இன்று எழுதும் பக்கம்தான் பதில்.

என் பழைய லாக் புக்கில் ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, ஆண், 4 வயது, ஒலிப்புப் பிழை, தெரபி, 45 நிமிடம், மேற்பார்வையாளர் கையெழுத்து. இதில் ஒரு குறை இருக்கிறது, தெரிகிறதா? மேற்பார்வையாளரின் பெயரும் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணும் இல்லை. வெறும் கையெழுத்து, அதுவும் கோழி கிறுக்கியது போல. மூன்று வருடம் கழித்து அது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவி, பதிவு எண் மூன்றையும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர் எழுதக் கூடாது. வயது, பாலினம், பிரச்சினை போதும்.

45 நிமிடம் என்றால் 45 என்றே எழுதுங்கள். ஒரு மணி நேரமாக ஏற்றி எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரே நாளில் 11 மணி நேரம் தெரபி கொடுத்ததாக வரும். பார்ப்பவர் சிரிப்பார், அதோடு மீதிப் பக்கங்களையும் நம்ப மாட்டார்.

வாரம் ஒரு முறை, சனிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொண்டு, அந்த வாரத்துக்கான கையெழுத்தை வாங்கிவிடுங்கள். போஸ்டிங் முடிந்ததும் மொத்தமாக வாங்கலாம் என்று நினைத்தேன் நான். என் மேற்பார்வையாளர் வளைகுடா நாட்டில் வேலை கிடைத்து ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டார். 38 மணி நேரம் போச்சு. கூரியரில் அனுப்பி வாங்கலாம் என்று நான்கு முறை மெயில் போட்டேன். நான்காவது மெயிலோடு எனக்கே வெட்கமாகி விட்டுவிட்டேன்.

இன்னொன்று, கேஸ் வகை. நம் ஊர் கல்லூரிகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் குழந்தை கேஸ் நிறையக் கிடைக்கும்: பேச்சுத் தாமதம், ஆட்டிசம், காது கேளாமை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் பொருத்தும் செவிக்கருவி) வைத்த பிள்ளைகளும் வருவார்கள். பெரியவர்கள் கேஸ் குறைவு. பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்தவர்கள், விழுங்க முடியாதவர்கள், தொண்டைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு குரல் போனவர்கள் ஆகியோர் லாக் புக்கில் நாலைந்து பேராவது இருக்க வேண்டும். நியூராலஜி வார்டிலும் இ.என்.டி.யிலும் போஸ்டிங் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

வேறு பட்டம் படித்துவிட்டு வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு லாக் புக் இருக்காது. நீங்கள் முதலில் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் 'டெய்க்' என்று சொல்லப்படும் இளம்பிள்ளைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கும். சிறப்புப் பள்ளிகளும் இருக்கின்றன. கடிதத்தோடு போய், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலை பிடிக்கிறதா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். ஒரே 'ம்மா' என்ற ஒலிக்காக அரை மணி நேரம் சோப்புக் குமிழி ஊதுவது எல்லோருக்கும் ஒத்துவராது.

இனிஷியல் என்ற தலைவலி

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே உள்ள சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயர் முன்னே, இனிஷியல் பின்னே. கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னே. ஆதாரில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆங்கில எழுத்தில் 'ழ' வருகிற பெயர் என்றால் இன்னும் விசேஷம். ஒரு சான்றிதழில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி.

நான் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்த வருடம் ஆங்கிலத் தேர்வுக்கு மார்க் ஷீட்டில் இருந்தபடி இனிஷியலோடு பதிவு செய்தேன். தேர்வு நாள் அதிகாலை பஸ் பிடித்து சென்னை போனால், வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. விதிமுறையில் தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. கட்டணம் போனது. அடுத்த தேதி கிடைப்பதற்குள் இரண்டு பல்கலைக்கழகங்களின் கடைசி நாளும் போனது.

வெளிநாட்டு எண்ணம் சிறிதளவு இருந்தாலும் முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். அதில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுதும் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று வரும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் என எல்லா இடத்திலும் அதே பெயரோடு திரிய வேண்டியதுதான். பாஸ்போர்ட் வந்த பிறகு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எல்லா விண்ணப்பத்திலும் தேர்விலும் போடுங்கள். பழைய சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கு

கலந்தாய்வு, சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு) என்று காத்திருந்து பழகிய பாண்டிச்சேரிப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய நிறுவனங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனித்தனியாக அறிவிப்பு விடும், தனித்தனிக் கட்டணம், தனித்தனித் தேர்வு. நீங்கள்தான் ஒவ்வொன்றின் தளத்தையும் கோடைக்கு முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழில் பலர் வழுக்கி விழுகிறார்கள். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசின் ஒதுக்கீட்டுக்கு. மத்திய அரசு நிறுவனத்தில் ஓ.பி.சி. ஒதுக்கீடு கேட்க மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழும் வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாகக் கேட்பது வழக்கம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் ஒப்புதல் வருவதற்குள் ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடும். புதுச்சேரிக்கு மத்தியப் பட்டியல் தனி; எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பிரிவு, அந்தப் பக்கம் வேறு பிரிவு என்று வரும் சாதிகள் உண்டு. ரெட்டிச்சாவடியில் வீடும் பாண்டியில் ரேஷன் கார்டுமாக இருப்பவர்கள் எந்தப் பக்கம் சான்றிதழ் வாங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

நுழைவுத் தேர்வுக்கு நான் தனியாகச் சொல்ல அதிகமில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு வருடப் பாடம்தான். ஸ்பீச்சுக்குத்தானே போகிறோம் என்று ஆடியாலஜியை ஒதுக்கிவிட்டுப் போனவர்கள் வருத்தப்பட்டுத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். உடற்கூறியல், நரம்பியல், ஒலியியல் மூன்றையும் புரிந்து படித்தவர்களுக்கு மீதியெல்லாம் கதை மாதிரி வந்துவிடும். இன்டர்ன்ஷிப் எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அறிவிப்பில் இரண்டு முறை படியுங்கள்.

அமெரிக்கா

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சி.எஸ்.டி.கேஸ் என்ற ஒரே இணையவாசல் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. ஒரு முறை விவரம் ஏற்றி, பல இடங்களுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு இடத்துக்கும் கட்டணம் உண்டு. ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்குப் பல இடங்களில் முந்தைய டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கடைசி நாள் வந்துவிடும்.

இந்த மாதக் கணக்கைக் கொஞ்சம் நம் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பாருங்கள். கடைசி நாள் நெருங்கும்போது நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூரில் பல நாள் மின்சாரமில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் மொத்த மதிப்பெண் பட்டியல்) ஏற்ற முடியாது, பேராசிரியரைப் போனில் பிடிக்கவும் முடியாது. தீபாவளிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள் என்பதைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டிரான்ஸ்கிரிப்ட்தான் அதிக நாள் பிடிக்கும். நம் மதிப்பெண்ணை அமெரிக்கக் கணக்குக்கு மாற்ற டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும். நீங்கள் உறையைப் பிரித்துவிட்டு அனுப்பினால் செல்லாது. உங்கள் சதவீதத்தை நீங்களே கூட்டிக் கழித்து ஜி.பி.ஏ.வாக மாற்றி எழுதாதீர்கள். நம்மிடம் 65 நல்ல மதிப்பெண். அங்கே அதே எண்ணைப் பார்த்தால் தோற்கும் பையன் என்று நினைப்பார்கள். மாற்றும் வேலையை மாற்றுபவர்களிடம் விடுங்கள்.

ஆஷா எனப்படும் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவி சங்கத்தின் சான்று பெற, உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல் ஆகிய நான்கிலும் கல்லூரி அளவில் தனிப் பாடம் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் படித்த பிசிக்ஸ் கணக்கில் வராது. பி.ஏ.எஸ்.எல்.பி.யில் ஒலியியல் படித்தோமே என்றால், அது துறைப் பாடம், இந்த நான்கில் சேராது என்று அவர்கள் சொல்லிவிடலாம். அதனால் சேரப்போகும் துறைக்கு உங்கள் பாடத்திட்டத்தை மெயிலில் அனுப்பி, எது குறைகிறது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தம் 400 மணி நேரப் பயிற்சியும் வேண்டும்: 25 மணி பார்வையாளராக, 375 மணி நேரடியாக. அதில் 325 மணி முதுகலைப் படிப்பின்போதே செய்ய வேண்டும். மேற்பார்வையாளரும் ஆஷா சான்று பெற்றவராக இருக்க வேண்டும். எனவே நம் லாக் புக் மணிகள் அங்கே அப்படியே கணக்கில் சேராது. அப்படியானால் எதற்கு எழுத வேண்டும் என்கிறீர்களா? தேர்வுக் குழு உங்களைத் தேர்ந்தெடுப்பது அதைப் பார்த்துத்தான்.

படிப்பு முடிந்த பிறகும் பிராக்ஸிஸ் என்ற துறைத் தகுதித் தேர்வில் 162 எடுக்க வேண்டும். 36 வாரத்துக்குக் குறையாமல், 1,260 மணி நேரம், மேற்பார்வையின் கீழ் வேலை. அதன் பிறகுதான் முழுச் சான்று. சேரும் படிப்புக்கு, அங்கே இந்தத் துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் சி.ஏ.ஏ. அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத படிப்பில் பணம் கட்டாதீர்கள். இங்கிருந்தே எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் போனால் சும்மா ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து சங்கங்களோடு ஆஷாவுக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா அதில் இல்லை. தனித்தனியாக மதிப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

பிரிட்டனைப் பற்றி ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் படித்தவர்களைப் பதிவு செய்யும்போது அங்குள்ள சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு அமைப்பான ஹெச்.சி.பி.சி. மற்ற துறையினரிடம் ஐ.இ.எல்.டி.எஸ். 7 கேட்கிறது, ஸ்பீச் தெரபிஸ்டுகளிடம் 8, எந்தப் பிரிவிலும் 7.5க்குக் குறையக் கூடாது. மற்றவர் பேச்சைத் திருத்தப் போகிறவர்கள் என்பதால் நியாயம்தான். படிப்பில் சேரவும் பல இடங்களில் அதை ஒட்டியே கேட்பார்கள்.

நோக்கக் கட்டுரை

நான் திருத்திக் கொடுக்கும் கட்டுரைகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் தொடங்கும்: "சிறு வயது முதலே பிறருக்கு உதவ வேண்டும் என்பது என் கனவு." நெல்லிக்குப்பத்துப் பெண்ணின் கட்டுரையும் அப்படித்தான். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, "உனக்கு மறக்க முடியாத கேஸ் ஒண்ணு சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

எழுபது வயதுத் தாத்தா. மீனவர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. மனைவியைக் காட்டிப் பெயர் கேட்டால் வரவில்லை. 'வலை' வரவில்லை. இவள் "ஒண்ணு, ரெண்டு" என்று எடுத்துக் கொடுத்தாள்; அவர் மளமளவென்று பத்து வரை போய்விட்டார். மனைவி அழுதுவிட்டார், பேச்சு வந்துவிட்டதென்று. மறுநாள் மீண்டும் மனைவியின் பெயர் கேட்டார்கள், வரவில்லை. அன்று மேற்பார்வையாளர் இவளிடம் கேட்டாராம்: "எண்ணிக்கை வந்துச்சே, பெயர் ஏன் வரல? அந்த அம்மாவுக்கு நீ என்ன சொல்லுவ?" இவளுக்குப் பதில் தெரியவில்லை.

"இதுதான் உன் கட்டுரை" என்றேன். பழக்கத்தில் ஊறிய பேச்சு மூளையில் வேறு வழியாக வருகிறது என்பதை அவள் பாடத்தில் படித்திருந்தாள். ஆனால் அழுகிற ஒரு பாட்டிக்கு அதை எப்படிச் சொல்வது, அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு சொல்லுக்கு எப்படிப் பாலம் போடுவது என்பது தெரியவில்லை. அதைக் கற்க வேண்டும் என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். மெட்டோடு சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் முறையை 1973இலேயே பாஸ்டனில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை அவள் பின்னர் தேடிப் படித்திருந்தாள். அதையும் ஒரு வரி சேர்த்தோம். தாத்தாவின் ஊரையும் அவர் மனைவியின் பெயரையும் அடித்துவிட்டோம். நோயாளியின் அடையாளம் தெரிந்தால் கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் மேல் சந்தேகம்தான் வரும்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பயப்படாதீர்கள். நம் ஊரில் அது பலவீனமாகத் தோன்றும். இந்தக் கட்டுரையில் அதுதான் சதைப்பற்றான பகுதி.

சிபாரிசுக் கடிதம்

அமெரிக்காவுக்கு வழக்கமாக மூன்று. "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று சொல்லும் பேராசிரியர்கள் நம்மிடம் அதிகம். மரியாதையாக மறுக்க ஒரு வழி உண்டு. ஒரு பக்கத்தில், அவரிடம் எந்த வருடம் படித்தீர்கள், எந்த கேஸை அவர் மேற்பார்வையில் பார்த்தீர்கள், அவர் எதைப் பாராட்டினார், எதைத் திருத்தினார் என்று குறிப்பு எழுதிக் கொடுத்து, "சார், உங்களுக்கு நினைவுக்காக" என்று சொல்லுங்கள். அதை வைத்து அவர் எழுதுவார். மூன்று கடிதமும் உங்கள் நடையிலேயே இருந்தால் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை.

கடிதத்தை அவரே தன் மெயிலிலிருந்து வரும் இணைப்பில் ஏற்ற வேண்டும். கல்லூரி மெயில் முகவரி இருந்தால் அதைக் கேளுங்கள். அந்த மெயில் ஸ்பாமில் போய் விழும். போன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள், செமஸ்டர் தேர்வு விடைத்தாள் திருத்தும் வாரத்தில் நச்சரிக்காதீர்கள்.

நேர்காணல்

வெளிநாட்டு நேர்காணல் ஜூமில், நம் இரவில் நடக்கும். இன்வெர்டர், இரண்டாவது சிம், இவற்றைச் சொல்லத் தேவையில்லை. கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் கேட்ட ஒன்று: "ஒரு குழந்தை ஒரு ஒலியைத் தவறாகச் சொல்கிறது. அது குறைபாடா, வட்டார வழக்கா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?"

நம்மிடம் இதற்கு வாழைப்பழத்தைவிட நல்ல விடை உண்டா? வாளப்பளம் என்று சொல்லும் வீட்டில் வளரும் குழந்தை வாளப்பளம் என்றுதான் சொல்லும். வட மாவட்டங்களில் வாயப்பயம் என்பவர்களும் உண்டு. வீட்டில் யாரும் அப்படிச் சொல்லாதபோது, ஐந்து வயதுப் பிள்ளை 'காக்கா'வை 'தாத்தா' என்றால் அது வேறு. நாக்கின் பின்புறம் எழ வேண்டிய ஒலி முன்புறம் எழுகிறது. முதலில் அம்மாவும் பாட்டியும் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பேன் என்று சொன்னேன். அந்தப் பேராசிரியர் வாளப்பளம், வாயப்பயம் இரண்டையும் சொல்லிப் பார்த்தார். பிறகு பத்து நிமிடம் ழகரம்தான்.

பாண்டிச்சேரியில் அடிக்கடி வரும் இன்னொரு சூழல்: பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம், "தமிழை நிறுத்திடுங்க" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வீட்டு மொழியை நிறுத்துவதால் பேச்சு சீக்கிரம் வந்துவிடாது. இதை ஒரு பெற்றோருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட இந்தக் கேள்வி வரும்.

பணம்

வெளிநாட்டுக் கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகளில் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். வீடு தாத்தா பெயரிலேயே இருக்கும், அல்லது பெரியப்பா, சித்தப்பாவோடு கூட்டுப் பட்டாவாக இருக்கும். பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, வக்கீலின் கருத்து எல்லாம் சேர மாதக்கணக்கில் ஆகும். இடம் கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால், சித்தப்பாவைக் கையெழுத்துக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் விசா தேதி வந்துவிடும். அனுமதி கிடைத்ததும் முதல் வருடச் செலவுக்கான பணத்தைக் காட்டினால்தான் ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்குத் தேவையான பல்கலைக்கழகப் படிவம் தருவார்கள். அதன் பிறகு சேவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் தனி.

விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் ஆர்.சி.ஐ. பதிவை முடித்துவிடுங்கள். எம்.எஸ்ஸி. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த எண் இல்லாமல் ஒரு கிளினிக்கிலும் உட்கார முடியாது. வாரம் ஒரு முறையாவது ஸ்பாம் உட்பட மெயிலைத் திறந்து பாருங்கள்; "ஒரு ஆவணம் குறைகிறது" என்று வந்திருக்கும்.

நெல்லிக்குப்பத்துப் பெண் போன வாரம் போன் செய்தாள். லாக் புக்கில் மூன்று பக்கம் தவிர எல்லாவற்றுக்கும் கையெழுத்து வந்துவிட்டதாம். அந்த மூன்று பக்கத்து மேடம் பிரசவ விடுப்பில் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் இருக்கிறார். "குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிட்டுப் போகட்டுமா அக்கா, இல்ல வெறுங்கையோட போனா பரவாயில்லையா?" என்று கேட்டாள். சட்டை வாங்கிக்கொள், பேனாவை மறந்துவிடாதே என்றேன்.